சம்பந்தியைச் சன்னல் திறக்க வைத்தவர்

பெய்ஷென் அண்ணனைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் முதலில் என்னைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவும் பெருமைப்படும்படி இல்லை. எங்கள் அட்-பாஷியில் எந்த வீட்டுக் கல்யாணமானாலும் மைக்கைப் பிடித்து விருந்தை நடத்திக் கொடுக்கிற 'தமதா' நான். தமதா டோக்டோஷ் என்றால் மலைக்கு அந்தப் பக்கம்கூடத் தெரியும். ஆறு மணி நேரம் விடாமல் பேசுவேன். பாடச் சொன்னால் பாடுவேன், வேண்டாம் என்றாலும் பாடுவேன். பெய்ஷென் அண்ணன் எனக்கு நேர் எதிர். அந்தக் கல்யாணங்கள் நடக்கிற மண்டபத்தின் அடித்தளத்தில், குழாய் வழியே மேலே சூடு ஏற்றும் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினாரென்றால் அதில் பத்து அடுப்பிடம் பேசியதாக இருக்கும்.

நான் பேசியே பாதி ஊரைப் படுக்கவைத்தேன். அவர் வாயைத் திறக்காமலே மீதி ஊரைக் காப்பாற்றினார். சுருக்கமாகச் சொன்னால் கதை இவ்வளவுதான். ஆனால் சுருக்கமாகச் சொல்கிறவனை யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்களா?

அவருக்குக் கரி அள்ளக் கற்றுக்கொடுத்தது பட்டாளம். ஆட்டு மந்தைக்குப் பின்னால் திரிந்த பையனைச் சோவியத் காலத்தில் இழுத்துக்கொண்டு போய், துப்பாக்கிக்குப் பதிலாகக் கையில் மண்வாரியைக் கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் பதினாலு வருஷம் பள்ளிக்கூடத்துக் கொதிகலன், கொஞ்ச காலம் ஊர்க் குளியல்கூடம், மண்டபம் கட்டிய நாள் முதல் இங்கே. பள்ளிக்கூடத்தில் நானும் அவர் கொடுத்த சூட்டில்தான் படித்தேன். அந்தக் காலத்துத் தலைமையாசிரியருக்குக் கூட்டம் போடுவதென்றால் உயிர். மூன்று மணிக்கு ஆசிரியர்களை உட்காரவைத்தால் ஆறு மணிக்கும் விடமாட்டார். பெய்ஷென் அண்ணன் ஒரு நாளும் போய் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாலரை மணிக்கு அடுப்பை மெதுவாகத் தணிப்பார். ஐந்து மணிக்குத் தலைமையாசிரியரே கையைத் தேய்த்துக்கொண்டு, "சரி, மத்தத அடுத்த வாரம் பாப்போம்" என்று எழுந்துவிடுவார். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆசிரியைகள் மட்டும் வீட்டுக்குப் போகிற வழியில் கொதிகலன் அறை வாசலில் ரொட்டி வைத்துவிட்டுப் போவார்களாம்.

கல்யாணமும் அப்படித்தான் பண்ணிக்கொண்டார். சைரகான் அண்ணி அப்போது தபால் ஆபீஸில் புதுசாகச் சேர்ந்த பெண். பள்ளிக்கூடத்துக் கடுதாசி கொண்டு வருகிறபோது கை விறைத்துப்போய் கொதிகலன் அறைக்குள் வந்து நிற்பார். இவர் எதுவும் பேசமாட்டார். ஒரு செங்கல்லைச் சூடுபண்ணி, செய்தித்தாளில் சுற்றி அண்ணியின் தபால் பைக்குள் வைத்து அனுப்புவார். குளிர்காலம் முழுக்கச் செங்கல். பிப்ரவரியில் அண்ணி பொறுக்கமுடியாமல், "என்னங்க, வீடு கட்டப் போறீங்களா, இல்ல என்னைக் கட்டிக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டார். இந்தக் கதையை அண்ணி சொல்லி நான் ஐம்பது தடவை கேட்டிருக்கிறேன். அண்ணன் சொல்லி ஒரு தடவையும் கேட்டதில்லை.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

நவம்பரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அண்ணியின் அண்ணன் மகன். காலையிலேயே எனக்குத் தொண்டை கரகரத்தது. மிளகு போட்ட வோட்காவை ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம், தமதாவுக்குக் காய்ச்சல் வந்தால் தள்ளி வைப்பார்களா? வெளியே மைனஸ் பதினைந்து. உள்ளே இருநூற்று இருபது பேர். அக்டோபரிலேயே சன்னல் இடுக்கெல்லாம் பஞ்சு திணித்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த காகிதப் பட்டை ஒட்டியாகிவிட்டது. எங்கள் ஊரில் குளிருக்கு யாரும் பயப்படுவதில்லை, காற்றுக்குத்தான் பயம். மைனஸ் முப்பதில் குதிரை மேய்க்கிற ஆள் வீட்டுக்குள் வந்து, சன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்தால் "முதுகுல காத்து அடிச்சிருச்சு, நான் செத்தேன்" என்று படுத்துக்கொள்வான். அப்படி அடைத்த மண்டபத்தில் ஐந்து மணி நேரம் பேசினேன், பாடினேன், சிரிக்கவைத்தேன். ஒவ்வொரு மேசைக்கும் மைக்கைக் கொண்டுபோய் நீட்டி, வாழ்த்துச் சொல்லவைத்து, குனிந்து கன்னத்தோடு கன்னம் வைத்தேன். மூன்றாம் நாள் மேசை மேசையாகப் படுக்க ஆரம்பித்தார்கள்.

எல்லோரும் இருமினார்கள், எழுந்தார்கள். சைரகான் அண்ணி எழவில்லை. நாரின் நகரத்து ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் மூக்கில் பிராணவாயுக் குழாயோடு கிடந்தார். பெய்ஷென் அண்ணன் தினமும் விடிவதற்குள் வேன் ஏறிப் போய், சாயங்கால அடுப்புக்குத் திரும்பி வருவார். அண்ணி வீட்டுக்கு வந்தபோது நான் பார்க்கப் போனேன். வாசற்கதவிலிருந்து வீட்டுப் படிக்கு இருபது எட்டு இருக்கும். அதற்குள் அண்ணி ஒரு தடவை விறகுக் குவியலில் உட்கார்ந்துதான் வந்தார். டாக்டர் பச்சையாகவே சொல்லி அனுப்பியிருந்தார்: இந்தக் குளிர்காலத்துக்குள் இதே காய்ச்சல் இன்னொரு தடவை வந்தால் அந்த நுரையீரல் தாங்காது.

ஊர் சும்மா இருக்குமா? ஒருத்தர் குளிர்ந்த பானம் என்றார், ஒருத்தர் கண்ணேறு என்றார். பெரும்பான்மைத் தீர்ப்பு சமையலறைக் கதவுக்கு எதிராக வந்தது. பரிமாறுகிற பெண்கள் போக வர அந்தக் கதவு ஓயாமல் ஆடிக்கொண்டிருந்ததாம், அதன் வழியே காற்று புகுந்துதான் எல்லோரையும் அடித்துப் போட்டதாம். மண்டபத்துக்காரர் அந்தக் கதவுக்குக் கனமான கம்பளித் திரை வாங்கிப் போடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுகாதார நிலையத்து அனார்குல் அக்காவுக்கு இந்தப் பேச்சு எதுவும் பிடிக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் நோட்டும் கையுமாகக் கொதிகலன் அறைக்கு வந்தார். நானும் அங்கேதான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஊரில் சூடான இடம் அது ஒன்றுதான்.

"டோக்டோஷ், நாப்பத்து மூணு பேரு படுத்திருக்காங்க. யார் யாரு எங்க உக்காந்திருந்தாங்கன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க? யாரை எங்க உக்கார வச்சா எவன் கோச்சுக்குவான்னு பாத்துப் பாத்து உக்கார வைக்கிறதே நான்தானே!"

பெய்ஷென் அண்ணன் ஒரு கரித்துண்டை எடுத்து வெள்ளையடித்த சுவரில் இருபத்திரண்டு வட்டம் போட்டார். நான் பெயர் சொல்லச் சொல்ல, அக்கா நோட்டைப் பார்த்து, படுத்தவர்களுக்கு ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தோம். வாசலுக்கு எதிர்க்கோடியில், பெரிய மனிதர்களுக்கென்று ஒதுக்கும் 'தோர்' என்கிற மேலிடம் முழுக்கக் கரும்புள்ளி. மரியாதை குறையக் குறையப் புள்ளியும் குறைந்தது. கடைக்கோடியில், சமையலறைக் கதவை ஒட்டி, எழுந்து ஓட வசதியாக மருமகள்களை உட்காரவைக்கும் மேசையில் பதினொரு பேர். அதில் ஒரே ஒரு புள்ளி.

"காத்து அடிச்சு வந்திருந்தா மொதல்ல இவளுங்க தானே விழுந்திருக்கணும்?" என்றார் அக்கா.

பெய்ஷென் அண்ணன் மேலிடத்துப் பக்கம் இருந்த சின்னச் சதுரத்தில் விரலை வைத்தார். அது என் மேடை.

"டோக்டோஷ், உனக்கு எப்போ இருமல் ஆரம்பிச்சது?"

 கல்யாணத்தன்று தொண்டை கரகரப்பு மட்டும்தான், இருமல் இல்லையே என்று முனகினேன். அனார்குல் அக்கா நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இருமினாதான்னு இல்லடா. பேசினா, பாடினா, வாய்விட்டுச் சிரிச்சாக்கூட மூச்சோட சேந்து கிருமி வெளிய வரும். மெதுவாப் பேசறவன்கிட்டேருந்து கொஞ்சம், உன்ன மாதிரிக் கத்தறவன்கிட்டேருந்து நெறைய. சன்னல சாத்தி வச்சா எங்க போகும் அது? அப்படியே மெதந்துகிட்டு இருக்கும். பக்கத்துல இருக்கறவங்க மணிக்கணக்கா அதையே இழுத்துகிட்டு உக்காந்திருப்பாங்க."

அண்ணன் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. "அண்ணே, என்னாலதான் அண்ணி..." என்று இழுத்தேன். அவர் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார்.

மறு வாரம் மண்டபத்தில் ஒரு சின்ன விருந்து. வியாதி வராமலிருக்க வழக்கம்போல் அர்ச்சா மரத்துச் சுள்ளியைக் கொளுத்தி மூலைக்கு மூலை புகை காட்டினார்கள். அண்ணன் மேலே ஏறி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, புகையையே பார்த்துக்கொண்டு நின்றார். சமையலறைக் கதவோரம் புகை இரண்டு நிமிஷத்தில் கலைந்தது. மேலிடத்தில் நாங்கள் ஒரு பானைத் தேநீர் முடிக்கிற வரை தொங்கிக்கொண்டிருந்தது.

"பொகை எங்க நிக்குதோ மூச்சும் அங்கதான் நிக்கும்," என்றார். முப்பது வருஷம் புகைபோக்கியோடு குடித்தனம் நடத்தியவர் சொன்னால் மறுப்பு ஏது?

இதில் சிக்கல் என்னவென்றால் ஜனவரியில் அவர் மகன் எர்மெக்குக்கே கல்யாணம். பையன் ருஷ்யாவில் கட்டட வேலை. லீவு மாதக் கடைசி வரைதான், தள்ளிப் போட வழியில்லை. பெண் கொச்கோர் ஊர். அண்ணியை வீட்டிலேயே இருந்துவிடச் சொல்லலாம் என்று அண்ணனும் அனார்குல் அக்காவும் நானும் சேர்ந்து போனோம். அண்ணி எங்களைப் பார்த்த விதத்தில் நான் வாசலோரமாகவே உட்கார்ந்துவிட்டேன்.

"மருமக தலையில மாமியார் போடற வெள்ளத் துணிய யாரு போடுவா? தபால்ல அனுப்பவா? தபால் ஆபீஸ்காரிதானே, முத்திரை குத்தி அனுப்பிடுவேன்னு நெனச்சீங்களா?"

"அண்ணி, வரவேண்டாம்னு சொல்லல. சமையலறைக் கதவுப் பக்கமா ஒரு நாற்காலி..."

"மாப்பிள்ளையோட அம்மா கதவோரத்துல உக்காந்தா கொச்கோர்க்காரங்க என்ன பேசுவாங்க? வீட்டுல இவளுக்கு மதிப்பே இல்ல, இந்த வீட்டுக்கா பொண்ண குடுத்தோம்னு பேசமாட்டாங்களா? எனக்கு மேலிடந்தான்."

சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை மூச்சுக்காக நின்றார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

சன்னலைத் திறந்துவைக்கலாமா என்று மண்டபத்துக்காரரிடம் கேட்டேன். ஜனவரியில் சன்னலா என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அவராவது சும்மா பார்த்தார். பெண்ணின் அப்பா ஓஸ்மோன் இருக்கிறாரே, அவர் நிச்சயத்துக்கு வந்தபோதே வீட்டு அடுப்புக்கு மேல் சுவரில் காற்றுப் போக விட்டிருந்த ஓட்டையில் துணியைத் திணிக்கச் சொன்ன மனிதர். ஒட்டக ரோமப் பட்டியை இடுப்பில் சுற்றிக்கொள்ளாமல் ஆகஸ்டில்கூட வெளியே வரமாட்டாராம். அவரும் மேலிடத்தில்தான் உட்காருவார், அதுவும் அண்ணிக்குப் பக்கத்தில், சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

 கல்யாணத்துக்கு முந்தின காலை மண்டபத்துக்குப் போனால், பெய்ஷென் அண்ணன் ஏணி போட்டு, சன்னல் காகிதப் பட்டைகளைக் கத்தியால் கீறி, உள்ளே இருந்த பஞ்சை உருவிக்கொண்டிருந்தார். வெளிப்பார்வைக்கு ஒட்டினது ஒட்டியபடியே இருந்தது.

"நீங்க திறந்தா அவர் மூடிருவாருண்ணே."

"நான் திறக்கல. அவரே திறப்பாரு."

எனக்குத் தலைமையாசிரியர் ஞாபகம் வந்தது. ஆனால் அன்றைக்கு அண்ணன் அடுப்பைத் தணித்தார், இப்போது என்ன செய்யப்போகிறார் என்று புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்கவில்லை. "உள்ள எவ்வளவு சூடோ, வெளிய எவ்வளவு குளிரோ, காத்து அவ்வளவு வேகமா இழுக்கும். அடுப்பு அப்படித்தான்," என்றார். "சைரகான்கிட்ட சொல்லாத. சொன்னா மைக்க வாங்கி ஊருக்கே சொல்லிடுவா. சம்பந்தி அத ஏமாத்துனதா எடுத்துக்குவாரு."

கல்யாணத்தன்று வெளியே மைனஸ் இருபத்திரண்டு. மத்தியானம் ஒரு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். வரும்போதே பெண்ணின் மாமா, பிஷ்கெக்கிலிருந்து வந்தவர், மூக்கு சிவந்து இருமிக்கொண்டு வந்தார்.  நான் மேடையை விட்டு இறங்கி, மைக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறைக் கதவோரம் நட்டேன். "இன்னைக்கு வாழ்த்தறவங்க எல்லாம் இங்க வந்து நின்னுதான் வாழ்த்தணும்! வாழ்த்து நல்லா இருந்தா சமையல்காரம்மா அங்கேயே சூடா ஒரு கறித்துண்டு குடுப்பாங்க, நல்லா இல்லன்னா கரண்டியால குடுப்பாங்க!" என்றேன். கூட்டம் கைதட்டியது. மாமா அங்கே நின்று இருபத்தைந்து நிமிஷம் வாழ்த்தினார். இருமல் எல்லாம் கதவு வழியே வெளியே போனது. கறித்துண்டு இரண்டு கிடைத்தது அவருக்கு.

இரண்டு மணிக்கு மண்டபம் இளஞ்சூடு. பெரியவர்களுக்குச் சந்தோஷம். "சம்பந்தி கரியக் கொட்டறாருய்யா! மரியாதைன்னா இதுல்ல மரியாதை!" என்று ஓஸ்மோன் ரோமத் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார். இரண்டரைக்குக் கோட்டைக் கழற்றினார்கள். மூன்று மணிக்குச் சுவரோரச் சூட்டுக் குழாயைத் தொட்ட ஒரு குழந்தை அழுதது. பையன்கள் யாரோ ஒரு சன்னலைத் தள்ளினார்கள். ஜில்லென்று ஒரு கீற்று வந்தது.

"யாருடா அவன்! மூடு! என் முதுகு என்ன ஆகறது?"

மூடினார்கள். நான் அடித்தளத்துக்கு ஓடினேன்.

"அண்ணே, மூடிட்டாரு!"

அவர் சட்டை இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை வால்வில், ஒரு கை மண்வாரியில். நாலு வாரி அள்ளிப் போட்டார். அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்குவதைப் பார்த்து நான் ஒரு படி பின்னால் ஏறினேன்.

"வெடிச்சிடாதுல்ல?"

"என் பையன் கல்யாணம். வெடிக்க விடுவேனா? ஆனா இத விட்டு ஒரு நிமிஷம் நகர முடியாது."

"அப்போ நீங்க மேல வர்றது?"

அவர் இன்னொரு வாரி அள்ளிப் போட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மேலிடத்தில் அண்ணியின் பக்கத்தில் போட்டிருந்த நாற்காலி காலியாகத்தான் கிடக்கப்போகிறது. மகன் கல்யாணத்தை இவர் பார்க்கப்போவதில்லை, ஆசி வழங்கப்போவதில்லை. இதெல்லாம் தெரிந்துதான் நேற்று ஏணி ஏறியிருக்கிறார்.

மேலே வந்து, குழாயில் ஏதோ கோளாறு, அண்ணன் இதோ வந்துவிடுவார் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அண்ணி மருமகள் ஜிபெக்கின் தலையில் வெள்ளைத் துணி போடுகிற நேரம் வந்தது. தனியாக எழுந்து, தனியாகப் போட்டு, நெற்றியில் முத்தமிட்டார். அப்பா கொடுக்க வேண்டிய ஆசியைப் பெரியப்பா முறையில் ஒருவர் கொடுத்தார். கொச்கோர்ப் பெண்கள் காலி நாற்காலியைப் பார்த்துக் காதோடு காது பேசிக்கொண்டார்கள். அண்ணியின் முகம் சிவந்திருந்ததற்கு அந்தச் சூடு மட்டும் காரணமில்லை. எனக்கு மைக்கில் உண்மையைப் போட்டு உடைத்துவிடலாமா என்றுகூட வந்தது.

நாலு மணிக்கு மண்டபம் குளியல்கூடமாகிவிட்டது. ஓஸ்மோன் முதலில் தொப்பியைக் கழற்றினார். பிறகு உள்கோட்டு. பிறகு, சாட்சிக்கு இருநூறு பேர் இருக்கிறார்கள், ஒட்டக ரோமப் பட்டியை அவிழ்த்து மேசை மேல் வைத்தார். வழுக்கைத் தலையிலிருந்து வியர்வை தட்டில் சொட்டியது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திடீரென்று எழுந்தார்.

"ஏன்யா, எல்லாரும் பேசாம உக்காந்து வெந்துகிட்டு இருக்கீங்களே! ஒருத்தனுக்காவது சன்னலத் தெறக்கணும்னு அறிவு இருக்கா?"

சொல்லிவிட்டு முஷ்டியால் சட்டத்தை ஒரு குத்து. பஞ்சில்லாத சன்னல் பட்டென்று திறந்துகொண்டது. அவர் குத்தியதைப் பார்த்ததும் பையன்கள் பாய்ந்து மற்ற ஐந்தையும் திறந்தார்கள். வெள்ளை வெளேரென்று ஆவி கிளம்பி வெளியே போனது, பெண்களின் தலைத்துணி எல்லாம் படபடத்தது. ஓஸ்மோன் சன்னலுக்கு முன்னால் சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு நின்றுகொண்டு, "ஆஹா! ஆஹா!" என்றார். மூட வந்த தன் மனைவியையே "போடி அந்தப் பக்கம்" என்று விரட்டினார். கீழே ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன்.

"எத்தன?"

"ஆறும்ணே!"

தலையை ஆட்டினார். வால்விலிருந்து கையை எடுக்கவில்லை. ஆறையும் மூடாமல் வைத்திருக்க வேண்டுமென்றால் அந்தச் சூடு கடைசி வரை வேண்டுமே. விருந்து முடிந்து கடைசிக் கார் போகிற வரை நின்றார்.

பிறகு காத்திருந்தோம். இரண்டாம் நாளே பெண்ணின் மாமாவுக்கு அதே காய்ச்சல்தான் என்று சேதி வந்தது. சன்னல் சாத்திய காரில் அவரோடு மலையேறி வந்த நாலு பேரும் படுத்துவிட்டார்கள். மண்டபத்தில் இருந்த இருநூறு பேரில்? அனார்குல் அக்கா வீடு வீடாகப் போனார். அண்ணன் தினமும் காலையில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "புதுசா யாராவது?"

அவர் வீட்டில்தான் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. காரணம், கல்யாணத்தன்றிலிருந்து அண்ணி அவரோடு பேசவில்லை. ஒரு வார்த்தை இல்லை. தட்டை வைப்பார், போவார். சைரகான் அண்ணி பேசாமல் இருக்கிறார் என்றால் ஊரே வந்து பார்க்க வேண்டிய விஷயம். கோபத்தில் பேசவில்லையா, தொண்டை சரியில்லாமல் பேசவில்லையா என்று அண்ணனுக்குப் புரியவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததாக என்னிடம் சொன்னார். ஐந்து நாளில் ஆள் பாதியாகிவிட்டார்.

ஆறாம் நாள் காலை நானும் அனார்குல் அக்காவும் கொதிகலன் அறையில் இருந்தோம். அக்கா நோட்டைப் பிரித்தார். "காருல வந்தவங்கள விட்டுட்டா அஞ்சு பேரு. சன்னலாலதான்னு சத்தியம் பண்ணமாட்டேன். நவம்பர்ல நாப்பத்து மூணு, இப்போ அஞ்சு. அவ்வளவுதான் சொல்லுவேன்." அவர் சொல்லி வாயை மூடவில்லை, கதவு சுவரில் மோதித் திறந்தது. சைரகான் அண்ணி. வீட்டிலிருந்து மேட்டில் ஏறி, பனியில் நடந்து வந்திருக்கிறார்.

"ஏன்யா, பெத்த புள்ள கல்யாணத்துக்கு வராத அப்பன் இந்த அட்-பாஷியில இன்னொருத்தன் உண்டா, ஊரே ஒக்காந்திருக்கு, சம்பந்தி ஒக்காந்திருக்காரு, நான் காலி நாற்காலி பக்கத்துல புருஷன் செத்தவ மாதிரி ஒக்காந்திருக்கேன், அந்தக் கொச்கோர்க்காரி என்னைப் பாத்து 'உங்க வீட்டுக்காரரு எங்கங்க'ன்னு மூணு தடவ கேக்கறா, நான் என்ன சொல்லுவேன், கரி அள்ளறாருன்னா, உனக்கு மகனவிட கரி பெருசாப் போச்சா, நான் தனியாத் துணி போட்டேன்யா, தனியா, இருபத்தேழு வருஷம் உன்னோட குப்பை கொட்டினதுக்கு அன்னைக்கு ஒரு நாள் பக்கத்துல வந்து உக்கார முடியல உன்னால, இந்த அடுப்பையே கட்டியிருக்க வேண்டியதுதானே, செங்கல் எல்லாம் எனக்கு எதுக்குக் குடுத்த, இதுக்கே குடுத்திருக்கலாம்ல..."

இது கால்வாசிதான். மைக் பிடிக்கிறவன் நான், அப்படி ஒரு மூச்சில் என்னால் பேச முடியாது. எங்கேயும் நிற்கவில்லை, எங்கேயும் உட்காரவில்லை, ஒரு இருமல் இல்லை. பெய்ஷென் அண்ணன் மண்வாரியைச் சாய்த்து வைத்துவிட்டு அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னய்யா சிரிப்பு? நான் இங்க வயிறெரிஞ்சு பேசறேன், நீ சிரிக்கறியா?"

"மேட்டுல ஏறி வந்தியா?"

"ஆமா, பின்ன பறந்தா வந்தேன்?"

"நடுவுல உக்காரலியா?"

"எதுக்கு உக்காரணும்?"

அண்ணன் கரிக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். கரி படிந்த கையால் கண்ணைத் துடைத்ததில் முகம் இன்னும் கறுப்பானது. அண்ணி பயந்துபோய் எங்களைப் பார்த்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? சுவரில் இருந்த வட்டம், புகை, பஞ்சு, சிவப்புக் கோடு, ஓஸ்மோனின் குத்து என்று ஒன்று விடாமல் சொன்னேன். என்னால் வந்ததுதான் நவம்பர் காய்ச்சல் என்பதையும் சொன்னேன்.

அண்ணி முழுதும் கேட்டார். மெதுவாகப் போய் அண்ணனுக்குப் பக்கத்தில், கரி மேலேயே, நல்ல கோட்டோடு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இத மொதல்லயே எங்கிட்ட சொல்லித் தொலைச்சா என்னய்யா?" என்றார். அப்புறம், மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, சொல்லாமல் விட்டதற்காக முதலிலிருந்து திட்ட ஆரம்பித்தார்.